அம்மாவின் பாஸ்போர்ட்டில் நாலு மாதம்தான் பாக்கி, பயணத்துக்கு 19 நாள்: தட்கலில் கிடைத்துவிடுமா?

செக்காலைக்காரன் (திங்கள், காலை)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், தெரிந்தவர்கள் உடனே பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள், பி.ஆர். (நிரந்தரவாசி). தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, ஆனால் ரத்த அழுத்தம் கூடியிருப்பதால் முன்கூட்டியே ஆகிவிடலாம் என்கிறார்கள். அதனால் அம்மாவைச் சீக்கிரமே அனுப்பி வைக்க முடிவு செய்து, திருச்சியிலிருந்து டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. இன்றிலிருந்து 19 நாள் இருக்கிறது, சனிக்கிழமை விமானம். நேற்று ராத்திரி விசாவுக்காக பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காலாவதி ஆக இன்னும் நாலு மாதம்தான். டிக்கெட் போடும்போது "இன்னும் தேதி இருக்கிறதே" என்றுதான் நானும் நினைத்தேன், சிங்கப்பூருக்கு ஆறு மாதம் இருக்க வேண்டும் என்று தங்கை சொன்ன பிறகுதான் உறைத்தது.

சிக்கல் அதோடு முடியவில்லை. அப்பா எட்டு மாதத்துக்கு முன்பு தவறிவிட்டார். பழைய பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருக்கிறது. முகவரி காரைக்குடி வீடு. இப்போது அம்மா மதுரையில் என்னோடுதான் இருக்கிறார், அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டோம். ஆதாரில் இன்னும் காரைக்குடி முகவரிதான். வங்கி பாஸ்புக்கிலும் ரேஷன் கார்டிலும் மதுரைக்கு மாற்றிவிட்டேன்.

பெயரும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி. பாஸ்போர்ட்டில் பெயரும் அப்பா பெயரும் தனித்தனியாக முழுசாக இருக்கிறது, பான் கார்டிலும் அப்படியே. ஆதாரில் வெறும் இனிஷியல். வாக்காளர் அட்டையில் இனிஷியலே கிடையாது.

அம்மாவுக்கு 61 வயது. இதுவரை இரண்டு முறைதான் விமானம் ஏறியிருக்கிறார். தெரிந்த ஒருவர், "முகவரியை மாற்றாதே, காரைக்குடியே போட்டுவிடு, சுலபமாக முடியும்" என்கிறார். இன்னொருவர் ஏஜென்ட் ஒருவரைக் காட்டுகிறார், அவர் 9,000 ரூபாய் கேட்கிறார். எது சரி? 19 நாளில் நடக்குமா?

---

வைகைக்கரை (திங்கள், மதியம்)

நடக்கும். போன வருடம் என் மாமியாருக்கு ஏறக்குறைய இதே நிலைமையில் அலைந்தேன், அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்தப் பதிலைப் படித்து முடித்த கையோடு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். பேப்பர் எல்லாம் சேர்ந்த பிறகு போடலாம் என்று காத்திருந்தால் மூன்று நாள் போய்விடும். தளம் passport என்று தேடினால் வருகிற முதல் தளம் அல்ல, முகவரி "கவ் டாட் இன்" என்று முடிகிற பாஸ்போர்ட் சேவா தளம் மட்டும்தான். அதே மாதிரி பெயரும் நிறமும் வைத்துக்கொண்டு பணம் பிடுங்குகிற போலித் தளங்கள் இருக்கின்றன, வெளியுறவு அமைச்சகமே அதைப் பற்றி எச்சரிக்கை போட்டிருக்கிறது. உள்ளே போய் "ரீ-இஷ்யூ" எடுங்கள், "ஃப்ரெஷ்" அல்ல. அம்மாவிடம் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருப்பதால் இது ரீ-இஷ்யூதான், இதில் தவறு செய்து திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வகை தட்கல், 36 பக்கம் போதும்.

பணம்: ஆன்லைனில் 1,500 ரூபாய் மட்டும் கட்டச் சொல்லும். தட்கலுக்கான கூடுதல் 2,000 ரூபாயை பாஸ்போர்ட் சேவா மையத்தில், அவர்கள் விண்ணப்பத்தைத் தட்கலில் எடுத்துக்கொண்ட பிறகு கட்ட வேண்டும். மொத்தம் 3,500. மூத்த குடிமக்களுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது புதிதாக எடுப்பவர்களுக்கு, ரீ-இஷ்யூவுக்குக் கிடையாது. ஆக 3,500 ரூபாய் வேலைக்கு ஏஜென்ட் 9,000 கேட்கிறார். அவராலும் அம்மாவுக்குப் பதிலாகக் கைரேகை வைக்க முடியாது, போட்டோவுக்கு உட்கார முடியாது. அவர் செய்யப்போவது ஃபாரம் நிரப்புவது மட்டும்தான்.

தட்கல் ஸ்லாட் இல்லை என்று காட்டினால் மனம் தளர வேண்டாம். தட்கல் விண்ணப்பத்துக்கே சாதாரண ஸ்லாட்டிலும் நாள் எடுக்கலாம், வேலை தட்கலாகவே நடக்கும். மதுரை கிடைக்காவிட்டால் திருச்சியும் பாருங்கள், திருநெல்வேலியும் பாருங்கள். 2018-லிருந்து இந்தியாவில் எந்த மையத்தில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், போலீஸ் விசாரணை மட்டும் நீங்கள் ஃபாரத்தில் எழுதிய முகவரிக்கு வரும். அவசரத்துக்கு என்ன காரணம் என்று தட்கலில் யாரும் சான்று கேட்பதில்லை, டிக்கெட் காட்டச் சொல்லவும் இல்லை.

இப்போது பேப்பர். தட்கலுக்கு, அவர்கள் பட்டியலில் இருப்பவற்றில் மூன்று வேண்டும். முன்பெல்லாம் ஒரு உயர் அதிகாரியிடம் சான்று வாங்கி வரச் சொல்வார்கள், 2018-ல் அதை எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் மூட்டையாக அள்ளிக்கொண்டு போவதைவிட, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிற மூன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். உங்கள் விஷயத்தில் பான் கார்டு பாஸ்போர்ட்டோடு அப்படியே ஒத்துப்போகிறது, அது முதல் பேப்பர். வங்கி பாஸ்புக் போட்டோவோடு, புதிய முகவரியோடு இருந்தால் இரண்டாவது. மூன்றாவது ரேஷன் கார்டு. ஆதாரை மறைக்க வேண்டாம், கையில் வைத்திருங்கள், கேட்பார்கள். தளத்திலேயே "டாக்குமென்ட் அட்வைசர்" என்று ஒன்று இருக்கிறது, அதில் அம்மாவின் விவரங்களைச் சொடுக்கினால் பட்டியல் வரும், அதைப் பார்த்து ஒரு முறை சரிபாருங்கள்.

இனிஷியல் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை இனிஷியலாகவே போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே விரித்து இருப்பதால் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அதையே எழுதுங்கள். சந்தியில் "ட்"டா "த்"தா, ஆங்கிலத்தில் ஒரு "எச்" கூடவா குறைவா என்று இப்போது திருத்தப் போகாதீர்கள். பெயர்த் திருத்தம் என்று ஆகிவிட்டால் வேறு பாதைக்குப் போய்விடும். இன்னொன்று, இப்போது அவசர அவசரமாக ஆதாரில் பெயரை மாற்றக் கிளம்பாதீர்கள், அது பாதியில் நிற்கும்போது மையத்தில் பழையதும் புதியதும் இடிக்கும்.

அப்பாவின் இறப்புச் சான்றிதழை அசலும் நகலும் எடுத்துப் போங்கள். திருமண நிலையில் கணவரை இழந்தவர் என்று போடுங்கள். மாமியாருக்கு அதைக் கேட்டார்கள், வைத்திருந்ததால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் நகல் எடுத்து அம்மாவே கையெழுத்துப் போட வேண்டும். தமிழில் கையெழுத்துப் போடலாம், பழையதில் எப்படிப் போட்டாரோ அப்படியே போடச் சொல்லுங்கள். வீட்டில் வெள்ளைத்தாளில் இரண்டு முறை போட்டுப் பார்க்கச் சொன்னால் அங்கே கை நடுங்காது.

மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்ட்டர். ஏ-யில் பேப்பர் ஸ்கேன், போட்டோ, கைரேகை. பி-யில் அதிகாரி சரிபார்ப்பார். சி-யில் முடிவு. வயதானவர்களோடு ஒருவர் உள்ளே போக விடுகிறார்கள், வாசலில் கேளுங்கள். மாமியாரோடு நான் போனேன்.

---

பழைய_கணக்கன் (திங்கள், மாலை)

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். "காரைக்குடி முகவரியே போட்டுவிடு" என்று சொன்ன நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள். அங்கே வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். விசாரணைக்குப் போகிற காவலர் கதவைத் தட்டினால் அவர்கள் என்ன சொல்வார்கள்? "அந்த அம்மா இங்கே இல்லை, மதுரையில் மகன் வீட்டில்" என்று உள்ளதைச் சொல்வார்கள். அது பாதகமான அறிக்கையாகப் போகும். பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 12-ல் தவறான தகவல் கொடுப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அந்த அளவுக்குப் போகாது என்றாலும் 61 வயது அம்மாவை விளக்கம் கேட்டு வருகிற கடிதத்துக்குப் பதில் எழுத வைக்க வேண்டுமா? இருக்கிற இடத்தை எழுதுங்கள்.

---

செக்காலைக்காரன் (திங்கள், இரவு)

வைகைக்கரை, பழைய கணக்கன், இருவருக்கும் நன்றி. வியாழக்கிழமை காலை மதுரையில் ஸ்லாட் கிடைத்துவிட்டது, சாதாரண ஸ்லாட்டில்தான். மதுரை முகவரியே போட்டேன். ரேஷன் கார்டில் பெயர் தமிழில் மட்டும் இருக்கிறது, அது பரவாயில்லையா? அப்புறம் இந்தப் போலீஸ் விசாரணைதான் பயமாக இருக்கிறது. அது முடியாமல் பாஸ்போர்ட் வராது என்றால் 19 நாள் போதாதே.

---

மூன்றாவது_தெரு (செவ்வாய், காலை)

விசாரணை பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அடிபட்டது நான்.

தட்கலில் விசாரணை மூன்று விதமாக முடியலாம்: தேவையில்லை என்று விட்டுவிடலாம், பாஸ்போர்ட் கொடுத்த பிறகு விசாரிக்கலாம், அரிதாக முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லலாம். எது என்பதை சி கவுன்ட்டர் அதிகாரிதான் முடிவு செய்வார். விசாரணையே தேவையில்லை என்றால் விண்ணப்பம் கொடுத்த நாளை விட்டுவிட்டு அடுத்த வேலை நாளில் அனுப்பிவிடுவார்கள். பின் விசாரணை என்றால் கொடுத்த நாளை விட்டுவிட்டு மூன்றாவது வேலை நாளுக்குள் அனுப்புவார்கள், போலீஸ் அறிக்கைக்காகக் காத்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு முகவரி மாறியிருப்பதால் பின் விசாரணையாக வைப்பார்கள் என்று நினைக்கிறேன். வியாழன் கொடுத்தால் வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. ஸ்பீடு போஸ்ட்டில் புதன் அல்லது வியாழன் கையில். வெளியே வரும்போது கொடுக்கிற ரசீதில் எந்த வகை என்று அச்சாகியிருக்கும், அங்கேயே படித்துவிட்டு வாருங்கள்.

இனி என் கதை. மூன்று வருடத்துக்கு முன்பு துபாய்க்கு வேலைக்குக் கிளம்பும்போது எனக்கும் பின் விசாரணைதான். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் காரியம் முடிந்தது என்று விமானம் ஏறிவிட்டேன். பத்து நாள் கழித்து விசாரணைக்கு வந்தபோது வீட்டில் நான் இல்லை, அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, கையெழுத்துப் போடவும் ஆள் இல்லை. அறிக்கை பாதகமாகப் போய், பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு, கடிதத்துக்குப் பதில் எழுதி, மறுவிசாரணைக்கு மன்றாடி, அந்த நாலு மாதம் தூக்கமே இல்லை. பாஸ்போர்ட்டை முடக்கிவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிது.

அதனால் உங்களுக்குச் சொல்வது இதுதான்: பாஸ்போர்ட் வந்தாலும் விசாரணை முடியும்வரை வேலை முடியவில்லை. வியாழன் மையத்திலிருந்து வந்ததும் ஏ.ஆர்.என். எண்ணை (விண்ணப்பக் குறிப்பு எண்) குறித்துக்கொண்டு தளத்தில் தினமும் நிலையைப் பாருங்கள். காவல் துறைக்குப் போய்விட்டது என்று காட்டியதும் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு நேரில் போய், அம்மா இந்தத் தேதியில் பயணம், அதற்குள் வாருங்கள் என்று தன்மையாகச் சொல்லுங்கள். டிக்கெட் நகலைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், "இவர் இங்கே இருக்கிறார், எங்களுக்குத் தெரியும்" என்று சொல்ல ஆள் வேண்டும். யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. அம்மா விமானம் ஏறுவதற்கு முன்பு இது முடிந்துவிட வேண்டும், அதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

ரேஷன் கார்டில் தமிழில் இருப்பது ஒரு பிரச்சினையே இல்லை. பாதி மாநிலம் அதைத்தான் காட்டுகிறது.

---

ஜூரோங்_அக்கா (செவ்வாய், மதியம்)

தம்பி, பாஸ்போர்ட்டைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் இருக்கிற சிங்கப்பூர்ப் பக்கத்து வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் 19 நாளில் விசாவுக்கும் நாள் ஒதுக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட் எண்ணில் விசா போட்டுவிடாதீர்கள், பதற்றத்தில் அப்படிச் செய்து பணத்தை விட்டவர்கள் உண்டு. புது எண் வந்த பிறகுதான்.

தங்கை பி.ஆர். என்பது உங்களுக்குப் பெரிய சௌகரியம். அங்கே ஏஜென்ட் வழியாகவும் போடலாம், ஆனால் தங்கையோ அவள் கணவரோ தங்கள் சிங்பாஸ் கணக்கில் (சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான ஆன்லைன் கணக்கு) நுழைந்து தாங்களே அம்மாவுக்கு விசா விண்ணப்பிக்கலாம். கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அது திரும்பக் கிடைக்காது. அம்மாவின் புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே முதல் பக்கத்தைத் தெளிவாக ஸ்கேன் எடுத்து அனுப்பிவிடுங்கள், போட்டோவையும் இப்போதே வெள்ளைப் பின்னணியில் எடுத்து வையுங்கள். சாதாரணமாக மூன்று வேலை நாளில் வந்துவிடும், ஆனாலும் ஐந்து நாள் என்று கணக்குப் போடுங்கள்.

விசா வந்த பிறகும் மூன்று வேலை உண்டு. டிக்கெட்டில் பழைய பாஸ்போர்ட் எண் கொடுத்திருந்தால் மாற்ற வேண்டும். சிங்கப்பூர் அரைவல் கார்டு, வருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அது இலவசம், பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. அப்புறம் பழைய பாஸ்போர்ட்டை ஓரத்தை வெட்டி "ரத்து" முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அம்மா தனியாக வருகிறார் என்றால் ஒரு வெள்ளைத்தாளில் தங்கையின் பெயர், வீட்டு முகவரி, போன் எண்ணைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, பாஸ்போர்ட் உறையில் வையுங்கள். என் அம்மா முதல் முறை வந்தபோது குடிநுழைவு கவுன்ட்டரில் "எங்கே தங்கப் போகிறீர்கள்" என்று கேட்டதும் பயத்தில் என் பெயரே வாயில் வரவில்லையாம், அந்தத் தாளைத்தான் நீட்டினார். பேறுகால மருந்துப் பொருள், கருப்பட்டி, காயப்பொடி எல்லாம் கட்டிக் கொடுப்பீர்கள் என்று தெரியும். சமைத்த இறைச்சி, கருவாடு மாதிரி எதுவும் வைக்க வேண்டாம், பொடிகளுக்கு மேலே என்ன என்று எழுதி ஒட்டுங்கள்.

தங்கைக்கு ரத்த அழுத்தம் என்கிறீர்கள். தைரியமாக இருக்கச் சொல்லுங்கள், இங்கே அதை நன்றாகக் கவனிப்பார்கள்.

---

தென்பொதிகை (செவ்வாய், இரவு)

ஒரு சின்ன விஷயம். ஒருவேளை தங்கைக்கு உடம்பு திடீரென்று மோசமாகி இன்னும் முன்னாலேயே கிளம்ப வேண்டி வந்தால், மருத்துவமனைக் கடிதத்தோடு அப்பாயின்ட்மென்ட் இல்லாமலேயே மையத்துக்குப் போய்க் கேட்கலாம். மருத்துவ அவசரத்துக்கு அப்படி அனுமதிக்க அதிகாரிக்கு இடம் இருக்கிறது, கட்டாயம் என்று இல்லை, அவர் விருப்பம். கேட்காமல் இருப்பதைவிடக் கேட்டுப் பார்ப்பது நல்லது. உதவி எண் 1800-258-1800, கட்டணம் இல்லை.

இன்னொன்று, ஸ்பீடு போஸ்ட் வரும் நாளில் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். தபால்காரர் அடையாள அட்டை பார்த்து அவர் கையில்தான் கொடுப்பார். பூட்டிய வீடாக இருந்து திரும்பிப் போய்விட்டால் வீணாக அலைச்சல்.

---

செக்காலைக்காரன் (இரண்டு வாரம் கழித்து, செவ்வாய்)

நடந்ததை எழுத வேண்டும், என்னை மாதிரி யாராவது தேடி வருவார்கள்.

வியாழன் காலை ஒன்பதே கால் மணிக்கு உள்ளே போனோம், பதினொன்றரைக்கு வெளியே. ஏ கவுன்ட்டரில் கைரேகை முதல் இரண்டு முறை விழவில்லை, அம்மா விரல் எல்லாம் தேய்ந்திருக்கிறது. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூன்றாவது முறை பொறுமையாக எடுத்தார். பி-யில் ஆதாரில் இனிஷியல் மட்டும் இருப்பதைக் கேட்டார்கள், பானும் பழைய பாஸ்போர்ட்டும் ஒத்துப்போவதைக் காட்டியதும் சரி என்றார்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழைப் பார்த்தபோது அம்மா அழுதுவிட்டார். அந்த அதிகாரி ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அதை மறக்க மாட்டேன்.

ரசீதில் பின் விசாரணை என்றுதான் இருந்தது. திங்களன்று அனுப்பியதாகச் செய்தி வந்தது, புதன் மதியம் தபால்காரர் அம்மா கையில் கொடுத்தார். புது பாஸ்போர்ட்டில் அட்டையில் சின்னதாகத் தங்க நிறக் குறி இருக்கிறது, சிப் வைத்த இ-பாஸ்போர்ட்டாம். அன்று சாயங்காலமே தங்கை கணவர் விசாவுக்குப் போட்டார், நேற்று வந்துவிட்டது.

மூன்றாவது தெரு அண்ணன் சொன்னபடி காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை காவலர் வந்தார், எதிர்வீட்டு ஆசிரியரும் மாடிவீட்டு அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள், பத்து நிமிடம்தான். இன்று தளத்தில் அறிக்கை வந்துவிட்டதாகக் காட்டுகிறது.

தங்கைக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. சனிக்கிழமை விமானம். அக்கா சொன்ன அந்தத் தாளை அம்மாவே எழுதினார், எழுதி முடித்துக் கீழே தன் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார்.